ஓரிடத்தில் நிற்காத அம்புக்குறி

போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்கு மகன் காரில் போனேன். செல்போனை முன்கண்ணாடிக்குக் கீழே சொருகி வைத்திருந்தான். அதற்குள் இருந்து ஒரு பெண் குரல், சுத்தத் தமிழில், "இடதுபுறம் திரும்பவும்" என்றது. சாத்தூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இருக்கன்குடிக்கு வழி சொல்ல ஒரு போன்! "கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருற கோயிலுக்கு இது எதுக்குலே?" என்று கேட்டேன். "கூட்டம் எங்கன நிக்குன்னு காட்டும்ப்பா" என்றான். எனக்கு இன்னும் நாலு வார்த்தை திட்ட வாய் வந்தது. அதற்குள் வெயிலில் சூடேறிய அந்த பிளாஸ்டிக்கின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் கோயில் வரும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. உன் நினைப்புதான்.

நம் வழிகாட்டும் மிஷினில் பேசியவள் இங்கிலீஷ்காரி. ஞாபகம் இருக்கிறதா? இரண்டாயிரத்துகளில் நம் கையில் இருந்த போனில் டார்ச்சும் பாம்பு விளையாட்டும்தான் உண்டு. நீயும் நானும் சிவகாசியில் ஒரே லேபிள் அச்சகத்தில் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தோம். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற படத்தின் மாதிரிப் புரூஃபை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைகிற பிழைப்பு. கிளியின் மூக்கு இன்னும் கொஞ்சம் சிவக்க வேண்டும் என்பார் ஒரு முதலாளி, அதற்காக மறுபடி அம்புட்டுத் தூரம். அப்படி இருக்கும்போது ஒருநாள் நீ, கார்க்காரர்கள் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற வழிகாட்டும் மிஷின் ஒன்றை வாங்கி வந்தாய். கடையில் இருந்ததிலேயே மலிவானது. அச்சகமே சிரித்தது. "கார் எப்பலே வாங்குனே?" என்று நான் கேட்டதற்கு, "மொதல்ல இது, பொறவு காரு" என்றாய் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அதை பைக்கில் உட்காரவைக்க நீ பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கண்ணாடியில் ஒட்டுவதற்கென்று கொடுத்த ரப்பர் கிண்ணம் பெட்ரோல் டேங்கில் ஒட்டவில்லை. முதல் வேகத்தடையிலேயே மிஷின் உன் மடியில் விழுந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவை அறுத்து, உள்ளே பஞ்சு வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினாய். வெயிலில் திரை தெரியவில்லை என்று கழிவு லேபிள் அட்டையைக் கறுப்பாக்கிக் குல்லா போட்டாய். காரில் சிகரெட் பற்றவைக்க ஒரு துளை இருக்குமே, அதை மட்டும் பழைய சாமான் கடையில் வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்து, பேட்டரியில் இருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தாய். குலுங்குகிற மண்பாதையில் அதில் செருகிய பிளக் கழன்று கழன்று வந்தது. அது கழலாமல் இருக்க, முனையில் மருந்து வைக்காத தீக்குச்சி ஒன்றைச் செருகி இறுக்கினாய்.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் சாவி, போன், செருப்பு எல்லாம் வாட்ச்மேனிடம் போய்விட வேண்டும் என்பது தெரியாதவனா நீ? ஒரு கேட்டில் வாட்ச்மேன் பெரியவர் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். "சிகரெட் பத்தவைக்கிற ஓட்டையும் வச்சிருக்கீக, தீக்குச்சியும் வச்சிருக்கீக. ஐயா, வண்டிய ரோட்டுல நிப்பாட்டிட்டு நடந்து வாங்க. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு." அதன்பிறகு அந்தக் கம்பெனிக்கு நாம் நடந்துதான் போனோம்.

வேலைக்காகத்தான் வாங்கினாய் என்று நானும் நம்பினேன். ஆனால் அந்த மிஷினுக்குத் தார்ரோடு மட்டும்தான் தெரியும். கருவேலங்காட்டுக்குள் மண்பாதையில் இறங்கிவிட்டால் படம் அழிந்து, வெள்ளைத் திரையில் ஒற்றை அம்புக்குறி மட்டும் நிற்கும். "ரோடே காட்டல, இதுக்கு எதுக்குலே காசக் கரியாக்குனே?" என்றேன். "ரோடு எனக்கு வேண்டாம்லே. எடம்தான் வேணும்" என்றாய். அன்றைக்குத்தான், வண்டியை நிறுத்திவிட்டு, முத்துமாரியைப் பற்றி வாய் திறந்தாய்.

உன் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி முறை. சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு கம்பெனியில் அவள் திரி செருகுகிற வேலை பார்த்தாள். அங்கே யாரும் சோற்றுத் தூக்குவாளியை வேலை நடக்கிற ரூமுக்குள் கொண்டுபோகக் கூடாது. கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தில் வரிசையாக மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆடியில் கம்பெனி வெடித்த அன்றைக்கு அந்த மரத்தில் ஓர் இலைகூடக் கருகவில்லை. தப்பித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மரத்தில் எந்தெந்த வீட்டுத் தூக்குவாளி தொங்கியதோ, அந்த வீடுகளில் அழுகை கேட்டது. யாரும் வந்து பெயர் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. உன் வீட்டுத் தூக்குவாளியை நீதான் இறக்கினாய். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும் கெடாமல் இருந்தன.

அதனால்தான் அந்த வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் ஆடியில் அதே நாளில் ஒரு தூக்குவாளிச் சோறு கொண்டுபோய், போனவர் இருந்த ரூமின் இடத்தில் வைத்தார்கள். மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சாப்பிடுகிறவரைப் பார்க்கக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது, அந்த நிலத்தை மட்டமாக்க ஜேசிபி வரப்போகிறது என்பது. "அஸ்திவாரக் கல்லும் போயிட்டா எங்கனன்னு கொண்டுபோய் வைப்பேன்? எடம் தப்புனா வேற ஆளுக்குப் போயிரும்லே. அவ பசியோட ஒத்தையில அலைவா" என்று சொல்லிவிட்டுக் கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த பழைய போர்மேனைக் கூட்டிப் போனோம். அவர் கேட் இருந்த இடத்தில் இருந்து நடந்து, இடிந்த கல்வரிசைகளைத் தாண்டி, ஓரிடத்தில் நின்று, "இதான் தம்பி, அந்தப் பிள்ளை இருந்த ரூமு" என்றார். நீ மிஷினைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாய். கம்பி மேல் நடப்பவனைப் போல மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாய். மாரி என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அந்த இடத்தைச் சேமித்தாய். மலிவு மிஷின் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும் என்று நான் உள்ளதைச் சொன்னேன். போர்மேன் தலையை ஆட்டினார். "ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குத் தாவக்கூடாதுன்னு ரூமுக்கு ரூமு எடம் விட்டுத்தான் கட்டுவோம். கொஞ்சம் தள்ளிக் காட்டுனாலும் அடுத்த ரூமுக்குப் போகாது." அந்த ஒரு பேச்சில் உன் முகம் தெளிந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீ ஒழுங்காகச் சாப்பிட்டாய்.

அடுத்த ஆடிக்குள் ஜேசிபி வந்து போயிருந்தது. வேப்பமரமும் இல்லை. கருவேலங்கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. நடுமத்தியானம். நீ ஓட்ட, நான் பின்னால் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் திரையில் அம்புக்குறி நகர்ந்து நகர்ந்து போய், ஆளில்லாக் காட்டில் அந்த இங்கிலீஷ்காரி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றாள். யாரோ பக்கத்தில் நின்று வாங்க என்று கூப்பிட்டது போல இருந்தது.

நீ தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பி நின்றாய். நானும் திரும்பினேன். எனக்கு எதிரில் பைக் நின்றது, எஞ்சின் அணைந்து, ஸ்டாண்டு போட்டு. ஆனால் திரையில் அம்புக்குறி நடந்துகொண்டிருந்தது.

ஓடவில்லை. நடந்தது. கொஞ்சம் போய் நின்று, யோசித்து, வேறு பக்கம் திரும்பிப் போனது. பின்னாலேயே நூல் மாதிரி ஒரு கோடு. வேலை முடிந்து வீட்டு வாசலைத் தேடுகிற ஆள் அப்படித்தான் நடப்பார். "லே, இது நவுருது" என்றேன். நீ வந்து குனிந்து பார்த்தாய். பயப்படவே இல்லை. "அவதான். ரூமுல இல்லலே. சோத்தைத் தேடி அலையுறா."

ஒரே இடத்தில் அசையாமல் வைத்தால் மலிவு மிஷின் தடுமாறும், சாட்டிலைட் கணக்குப் பிசகும் என்று அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். அதை அப்படியே உனக்குச் சொன்னேன். நீ காதிலேயே வாங்கவில்லை. தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பில்லாமல் முள்ளுக்குள் நின்று, "எந்தப் பக்கம் போறா, சொல்லு" என்றாய். நானும் சொன்னேனே! கிழக்கே. இன்னும் கொஞ்சம். நில்லு, திரும்பிட்டா, வலது பக்கம். அந்த இங்கிலீஷ்காரி செய்கிற வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். நீ வாளியோடு அவள் பின்னாலேயே போனாய். காலில் ரத்தம் வந்தது. மேலே ஒரு காக்கை கிடையாது, வண்டுச் சத்தம்கூடக் கிடையாது. எத்தனை தடவை நீ வைத்தாலும் அம்புக்குறி வேறு பக்கம் போய்விட்டது. கடைசியில் நீ போர்மேன் காட்டிய இடத்திலேயே வைத்துவிட்டு, "நான் வந்துட்டுப் போனேன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாய்.

அதோடு விட்டாயா? ஞாயிற்றுக்கிழமை தோறும் போகத் தொடங்கினாய். வண்டியை நிறுத்திவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். திங்கட்கிழமை வந்து, நேத்து வடக்கே போனா, நேத்து ரொம்ப அலைஞ்சா என்று ஊரில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்வாய். எனக்குக் கோபம் வந்தது. உள்ளூரப் பயமும் வந்தது. "அந்தக் கருமத்தத் தூக்கிக் கிணத்துல போடுலே, ஒன்னையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்று ஒருநாள் கத்திவிட்டேன். நீ சத்தம் போடவில்லை. "எனக்கு அவ அட்ரஸ் அது ஒண்ணுதாம்லே" என்றாய்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன கதையை எழுத எனக்குக் கை வரவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணெல்லாம் மஞ்சளாக, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடியில மறந்துராத. அவள ஒத்தையில விட்டுராத. முந்தின நாளே மிஷினைச் சார்ஜ் போட்டு வையி" என்றாய். சாகப்போகிறவன் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சரிலே என்றேன். உன் அண்ணன்தான் பிறகு அந்த டிபன் டப்பாவை மிஷினோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அந்த ஆடியில் நான் தனியாகப் போனேன். கன்றுகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பாதை அடைத்துவிட்டது. பைக்கைப் பாதித் தூரம் தள்ளிக்கொண்டு போனேன். மிஷின் வெகுநேரம் வானத்தைத் தேடியது. அப்புறம் அம்புக்குறி வந்தது, இங்கிலீஷ்காரி வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். தூக்குவாளியை வைத்து, மூடியை லேசாக மேலே வைத்துவிட்டுத் திரும்பி, திரையைப் பார்த்தேன். வழக்கம்போல அலையும், நாமும் இங்கன வாம்மா என்று சத்தம் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு.

அம்புக்குறி அசையவில்லை.

காத்திருந்தேன். வெயில் தலையில் இறங்கியது. மிஷின் நின்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். படம் பெரிதானது, சிறிதானது. மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. அம்புக்குறி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்ட ஆளைப் போல, கோடு எதுவும் இழுக்காமல் நின்றது. அன்றைக்கு வானம் துல்லியமாக இருந்தது, சாட்டிலைட் நன்றாகக் கிடைத்திருக்கும். அச்சகத்துக்காரரிடம் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அந்த முள்ளுக்குள் நின்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் உறைத்தது. அவள் தேடுவதை நிறுத்திவிட்டாள். நீ செத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆனால் போய்ச் சேர்ந்தது இங்கே. அப்படியிருக்க, நான் ஒரே ஒரு தூக்குவாளிதான் கொண்டு வந்திருக்கிறேன். வாய்விட்டு அழுதுவிட்டேன். ஒரு வாளிச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, நீ சாப்பிடு, நீ சாப்பிடு என்று நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்திருப்பீர்கள்?

மிஷின் செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. இடம் எனக்கு இப்போது கால் பழக்கம். ஆடியில் அந்த நாள் வந்தால் ஹேண்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூக்குவாளியாக மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு. உனக்குக் கருவாடு ஆகாது என்பதால் உனக்குப் பருப்பும் அப்பளமும். செத்த பிறகும் உனக்கென்று தனிச் சமையல் கேட்குதா என்று என் வீட்டுக்காரி முனங்குவாள், ஆனால் வைத்துக் கொடுப்பாள். கொண்டுபோய் வைத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பேன். இப்போது எதிரில் பார்ப்பதற்குத் திரை எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு மூடி உரசுகிற சத்தம் கேட்கும். இன்னும் கொஞ்சம் கழித்து இரண்டாவது மூடி. நான் திரும்பமாட்டேன். ஆடி மாதம், காற்று அடிக்கத்தானே செய்யும்.