ஜப்பான் டிராக்டருக்கு பல்பு

7-11-83, திங்கள்
விடியும்போதே தூறல். வாடைக்காற்று பலம்.

டிராக்டரின் இடப்பக்க பல்பும் போய்விட்டது. வலப்பக்கம் போய் இரண்டு மாதம். ஒன்று போதும் என்று இருந்துவிட்டேன். சங்கத் தலைவர் இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் தலையாட்டினேன்.

புயலுக்கு அப்புறம் வெளிநாட்டு உதவிக்காரர்கள் மீனவர் சங்கத்துக்குக் கொடுத்த குட்டி வண்டி. படகை மணலில் இழுக்கத்தான் கொடுத்தார்கள். இருட்டியபின் வரும் படகுகளுக்கு முகத்துவாரம் தெரிய, விளக்கைக் கடல் பக்கம் திருப்பி வைப்பது நாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. டிரைவர் நான். விளக்கும் என் பொறுப்பு.

தங்கச்சி கன்னியம்மாவின் வீட்டுக்காரர் ஏழுமலை, கழற்றிய பல்பைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "உள்ள அறுந்துபோச்சு மச்சான். சீக்கிரம் வாங்கினு வா. கடல்ல எறா நல்லாக்கீது இந்த வாரம். பொழுதோட திரும்ப முடியாது."

8-11, செவ்வாய்
முதல் பஸ். பையில் போன பல்பு இரண்டும். நனைந்த சட்டை. பொன்னேரியில் மூன்று கடை. டிராக்டர் பல்பு என்றதும் எடுத்துப் போடுகிறார்கள், எதுவும் உட்காரவில்லை. நம்மூர் பல்புக்கு அடித்தகடு பெரியது. இதற்குச் சின்னது, மூன்று காது.

கடைசிக் கடைக்காரர்: "இது ஜப்பான் மாலுபா. இங்க இன்னாத்துக்குத் தேடுறே. மெட்ராஸ் போ."

ரயில். ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடை ஐந்தோ ஆறோ. ஒருவர் பல்பைக் கையில்கூட வாங்கவில்லை. கால் வலி. செருப்பு வார் அறுந்தது, தைத்துக்கொண்டேன்.

மாலை, புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை பாய். வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "இது கெடைக்காது. ஆனா இதோட அடித்தகட்ட அறுத்து, நம்மூரு பல்புல ஈயத்தால பத்த வச்சுத் தரலாம். இப்ப கரண்டு இல்ல. நாளைக்கு வா."

வண்ணாரப்பேட்டைச் சித்தப்பா வீட்டில் தங்கல்.

9-11, புதன்
நல்ல தூக்கம். பாய் பதினொரு மணிக்குத்தான் கடை திறந்தார். பற்றவைத்து, ஆறவிட்டு, பாட்டரியில் தொட்டுக் காட்டினார். இரண்டும் எரிகின்றன. "எத்தினி நாளு தாங்கும்னு மட்டும் கேக்காத."

இதை ரயிலில் எழுதுகிறேன். பேசின் பிரிட்ஜில் நின்று அரைமணி. மழை. இருட்டுமுன் போய்விடலாம்.

10-11, வியாழன்
ரயில் தாமதம். பொன்னேரியில் பஸ் இல்லை, வழியெல்லாம் ரோட்டுமேல் தண்ணீர். ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். நேற்று நான் கரைக்கு வரும்போது மணி எட்டு. ஊரே நின்றது.

ஏழரைக்கு ஏழுமலையின் படகு வந்திருக்கிறது. பெட்ரோமாக்ஸ் தூக்கிப் பிடித்தார்களாம். மழைத் தண்ணீர் பட்டு மேண்டில் உதிர்ந்துவிட்டது. படகு முகத்துவாரத்தைத் தவறவிட்டு, வடக்கே மணல்மேட்டில் ஏறிக் கவிழ்ந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். ஏழுமலை வரவில்லை.

பல்பை மாட்டினேன். முதல்தரம் நுழையவில்லை. விளக்கு நன்றாக எரிந்தது. அலை தெரிந்தது, மழை தெரிந்தது.

கன்னியம்மா வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். "இன்னும் கொஞ்சம் அந்தாண்ட திருப்புண்ணா." திருப்பினேன். பிறகு, "இந்தாண்ட." அவ்வளவுதான் பேசினாள்.

இன்று பகல் முழுக்கத் தேடல். இல்லை. தலைவர் தோளில் கை வைத்தார். "ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கபா." சொல்லாவிட்டால் என்ன. இரண்டு மாதம்.

11-11, வெள்ளி
மழை விட்டது. காலையில் ஏழுமலை தெற்கே கரை ஒதுங்கியிருந்தார். மணலில் வேறு வண்டி போகாது. டிராக்டரோடு டிரெய்லரை மாட்டி நான்தான் போனேன். மெதுவாக ஓட்டினேன். அப்படியும் குலுங்கியது. மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது.

சாயங்காலம் கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு மாசமா ஒத்த பல்பு வச்சிதான் ஓட்டினு இருந்தேன். தலைவரு வாங்கச் சொன்னாரு. நான் போவல."

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு சொல்றே?"

அடுத்த வாய் சோற்றைப் பிசைந்தாள்.

"சொன்னா ஒனக்குப் பாரம் எறங்கும். எனக்கு?"

வெளியே வந்துவிட்டேன். செருப்பைக்கூட மறந்துவிட்டேன். திரும்பிப்போய் எடுக்கவில்லை.

12-11, சனி
யாரும் கடலுக்குப் போகவில்லை. வண்டிக்குக் கரி துடைத்தேன், ஆயில் மாற்றினேன். சும்மா இருக்க முடியவில்லை.

13-11, ஞாயிறு
வெயில். நான்கு படகு போயின. வண்டியை ஐந்தரைக்கே கரையில் நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று சீக்கிரம் வந்தன. நான்காவது இருட்டியபின். நேராக முகத்துவாரத்துக்குள் வந்தது.

படகிலிருந்து இறங்கினவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைத் தாண்டிப் போனார். நின்று, திரும்பிச் சொன்னார்:

"அணைச்சிடுபா. எல்லாம் வந்துட்டாங்க."