தனியாக ஊர் பார்க்க வருகிறவளுக்கு

மெல்போர்ன்
மே 14

அன்புள்ள வித்தோரின் அக்காவுக்கு,

உன் தங்கை ஜுதித்தா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. போனில் பேசலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் பேசினால் நலம் விசாரிக்கும் முன்பே சண்டை வந்துவிடும்.

எனக்கு எழுபது வயது ஆகிறதாம். பிள்ளைகள் சேர்ந்து கப்பல் பயணம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பார்சலோனாவில் ஏறி ரோம், நேப்பிள்ஸ், மெசினா, கடைசியாக நம் மால்டா, பிறகு திரும்பவும் பார்சலோனா. நம் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். எந்த நாள் தெரியுமா? செப்டம்பர் எட்டு. படகுப் போட்டி நாள். நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாதாமேல் ஆணை.

கப்பல்காரர்களே பஸ் வைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். என் மருமகள், "அந்தக் கூட்டத்தோட போகாதீங்க அத்தே, தனியாப் போய்ப் பாருங்க, யாராச்சும் ஊர்க்காரங்ககிட்ட யோசனை கேளுங்க" என்றாள். எனக்குத் தெரிந்த ஊர்க்காரி நீ ஒருத்திதான். உன் பேத்தி ரோமினா பரீட்சை எழுதி வழிகாட்டி ஆகியிருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். எங்கே எப்படிப் போவது, எதில் ஏமாறக்கூடாது, எழுதி அனுப்பு.

என் வீட்டுக்காரர் நேனு இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் படம் போட்ட நினைவுச் சீட்டை உனக்கும் அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

உன் தங்கை,
ஜுதித்தா


செங்லேயா
ஜூன் 3

ஜுதித்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, கடைக்கணக்குப் போட உதவும்.

நம் ஊரைப் பார்க்க உனக்கு யோசனை வேண்டுமாம். இந்தத் தண்ணீரில் மூக்கு ஒழுகத் திரிந்தவள் நீ. சரி, இப்போது சீமாட்டி ஆகிவிட்டாய். சீமாட்டிக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் மாடியிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் கப்பல் வந்து நிற்பது தெரியும். தினமும் பார்க்கிறேன். ஊரைவிடப் பெரிய கப்பல். அதன் வயிற்றிலிருந்து எறும்பு மாதிரி இறங்குகிறார்கள். அரைக்கால் சட்டை, கழுத்தில் அட்டை, முதுகில் தண்ணீர்ப் புட்டி. சகாராவைக் கடக்கப் போகிறவர்கள் மாதிரி வந்து, ஐஸ்கிரீம் கடையில் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

முதலாவது, கப்பல்காரன் எழுதுகிற ஊர்ப் பெயரை நம்பாதே. ரோம் என்பான், இறக்கிவிடுவது சிவித்தாவெக்கியாவில். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். துறைமுகத்தின் பெயர் என்ன, நிலையம் எவ்வளவு தூரம் என்று வீட்டிலிருந்தே விசாரித்துக்கொண்டு வா. இறங்கியபிறகு விசாரித்தால் டாக்ஸிக்காரன் உன்னைக் கோழி உரிப்பதுபோல் உரிப்பான். படகோ குதிரை வண்டியோ, கூலி பேசி முடிக்காமல் காலை வைக்காதே.

கைக்கடிகாரத்தில் கப்பல் மணியை வை. சில ஊரில் கரை மணி ஒன்று, கப்பல் மணி ஒன்றாக இருக்குமாம். கடைசியில் உன்னை விட்டுவிட்டுப் போகப் போவது கப்பல். கரை எங்கேயும் போகாது. ரோமினா சொன்னாள்: "பாட்டி, அவங்க பஸ்ல போனவங்க லேட்டானா கப்பல் நிக்கும். தனியாப் போனவங்களுக்கு நிக்கவே நிக்காது. போன வாரம் ஒரு ஆளு வாழைப்பழத்தோட கரையில நின்னு கத்துறாரு, கப்பல் அதுபாட்டுக்குப் போகுது." அதனால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்பிவிடு. உனக்குக் கிளம்பிப் போகத்தான் நன்றாகத் தெரியுமே.

ஒரு ஊரில் ஒரு இடம் பார். ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்கிறவள் ஐந்து கழிப்பறையைத்தான் பார்ப்பாள். கோயிலுக்குள் போகத் தோளை மூடு. எழுபது வயதுத் தோளை யாரும் பார்க்கத் தவிக்கவில்லை. மூன்று கப்பல் ஒன்றாக வந்த நாளில், வழிகாட்டிகள் தூக்கிப் பிடிக்கிற எண் பலகை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நட. இறங்குகிற இடத்திலேயே சாப்பிடாதே. நேற்றுச் சுட்ட பஸ்தித்ஸிப் பலகாரத்தை இன்றைய விலைக்குத் தருவான்.

வலேட்டாவில் பாராக்காத் தோட்டத்துக்குப் போக லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். நடுப்பகலில் அங்கே பீரங்கி வெடிக்கும். வெள்ளைக்காரிகள் அலறுவார்கள். நீயும் சேர்ந்து அலறு. பிறகு மதினாவுக்கு பஸ் பிடி. எட்டாம் தேதி விடுமுறை, பாதிக் கடை சாத்தியிருக்கும், பஸ் அரைகுறையாகத்தான் ஓடும். இதையெல்லாம் பார்த்து நாள் குறிக்க வேண்டும். பரிசாக வந்த பயணத்தில் யார் பார்க்கிறார்கள்?

பிர்குவுக்கும் போய்வா. உன் புகுந்த ஊர் ஆயிற்றே. எங்கள் கரையிலிருந்து எச்சில் துப்பினால் அங்கே விழும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒரு மரியாதை கற்றுக்கொள்ளாத ஊர். படகுப் போட்டியில் ஜெயித்த அன்று, செங்லேயா செத்துவிட்டது என்று பொய்ச் சவப்பெட்டி தூக்கி நம் வாசலில் வந்து ஒப்பாரி வைத்தார்களே, முன்னால் நின்று தூக்கினவன் யார்? அந்த வருஷக் குளிர்காலத்திலேயே அவனையே கட்டிக்கொண்டு கப்பல் ஏறினவள் யார்? அப்பா அந்த நாளுக்கப்புறம் போட்டி பார்க்க மாடிக்கு ஏறவே இல்லை.

எல்லாம் எழுதிவிட்டேன். எதுவும் விடவில்லை.

வித்தோரின்


மெல்போர்ன்
ஜூலை 1

அக்காவுக்கு,

உன் யோசனைகளுக்கு நன்றி. இத்தனை ஏச்சுக்கு நடுவில் இத்தனை உபயோகமா என்று மருமகள் ஆச்சரியப்பட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அவள் சிரித்துச் சிரித்து, "அத்தே, இவங்க உங்க அக்காவா, சுங்க அதிகாரியா?" என்கிறாள்.

எதுவும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். விட்டிருக்கிறாய். ரோமுக்கு வழி சொன்னாய், மதினாவுக்குச் சொன்னாய், வாயைக் கடித்துக்கொண்டு பிர்குவுக்கும் சொன்னாய். உன் வீட்டுக்கு எப்படி வருவது என்று ஒரு வரி இல்லை.

சவப்பெட்டி பற்றி: அது விளையாட்டு, அக்கா. இருபது வயதுப் பையன்களின் விளையாட்டு. நேனு அதற்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வந்து, மூடின கதவு முன்னால் மழையில் நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றது அப்பா இல்லை, நீ. மாடி ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தேன், படியில் இறங்கி வந்து உன்னைப் பார்த்தேன். பார்த்தபிறகுதான் போவதென்று முடிவு செய்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் தெருவில் இன்னும் பகலெல்லாம் சாவியை வாசல் கதவிலேயே விட்டுவைக்கிறார்களா? வருகிறவர்கள் திருப்பித் திறந்துகொண்டு "யாரும்மா உள்ளே?" என்று வருவார்களே. இங்கே அதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஜுதித்தா


செங்லேயா
ஆகஸ்ட் 2

ஜுதித்தாவுக்கு,

சாவியா? அந்தக் கதையைக் கேள்.

போன வருஷம் வரை என் கதவில் சாவி இருந்தது. ஒரு நாள் அடுப்படியில் நம் விதவைச் சூப், அதே ஏழைக் காய்கறிச் சூப்தான், வைத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பினால் ஒரு ஆளும் அவன் பெண்டாட்டியும் நடு வீட்டில் நிற்கிறார்கள்! கழுத்தில் கப்பல் அட்டை. கதவில் சாவி இருந்ததால் அருங்காட்சியகம் என்று நினைத்தார்களாம். அவன் நம் அம்மாவின் கட்டிலைப் படம் பிடிக்கிறான். அவள் பானைக்குள் எட்டிப் பார்த்து விலை கேட்கிறாள்.

பக்கத்து வீட்டு லோன்சா ஓடி வந்தாள். "என்னடி வித்தோரின், வீட்டுல கூட்டம்?"

"எங்கிட்ட டிக்கெட் வாங்காம வந்துட்டாங்கடி. அந்தத் துடைப்பத்தை எடு" என்றேன்.

அன்றைக்கு எடுத்த சாவியை இப்போது இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறேன். தெருவில் மற்றவர்கள் விட்டுவைக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சூப்புக்கு விலை கேட்க ஆள் வரவில்லை.

என் வீட்டுக்கு வழியா? சுற்றுலாப் பயணிகள் வீடுகளுக்கு வருவதில்லை. போனவள்தான் வந்து கதவைத் தட்ட வேண்டும்; இருந்தவள் போய்க் கூப்பிட மாட்டாள். இது என் சட்டம் இல்லை, ஊர்ச் சட்டம். துறைமுக வாசலில் பெயர் எழுதின பலகையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், பார்த்திருப்பாய். கூலிக்குக் கை தூக்குகிறவர்கள். அதில் ஒருத்தியாக நான் நிற்பேன் என்று கனவில்கூட நினைக்காதே. எட்டாம் தேதி மாதா பிறந்த திருநாள், என் மாடியில் எனக்கு நாற்காலி உண்டு. வேறு வேலை இல்லை.

மழையில் நின்றதைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு அவ்வளவு பெரிய மழை இல்லை. தூறல்.

வித்தோரின்

மறந்துவிட்டேன்: துறைமுகத்தில் பஸ் வாசல் வேறு, படகுப் படித்துறை வேறு. போட்டி தொடங்கிவிட்டால் எங்கள் கரைக்கு வருகிற படகை நிறுத்திவிடுவார்கள். நீ பஸ்ஸில் போகிறவள், உனக்கு இது தேவைப்படாது. தெரிந்து வைத்துக்கொள்.


கப்பலில்
செப்டம்பர் 9

அக்கா,

கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். கூப்பிட மாட்டேன் என்றாய், சரி. மாடியில்தான் இருப்பேன் என்றவள் வீட்டிலேயே இல்லாமல் போய்விட்டாய்.

காலையில் முதல் ஆளாக இறங்கி நேராகப் படித்துறைக்குத்தான் போனேன். கூலி பேசித்தான் ஏறினேன். படகுக்காரர், "எங்கேம்மா, மூணு நகரமும் சுத்திக் காட்டட்டுமா?" என்றார். "சுத்த வேணாம்பா, செங்லேயா படிக்கட்டுல விடு. எங்க வீட்டுக்குப் போறேன்" என்றேன். ஊர்ப் பேச்சு வாயில் வந்ததும் மனிதர் பாதிக் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். கதவில் சாவி இருந்தது.

திறந்து, "யாரும்மா உள்ளே?" என்றேன். யாரும் இல்லை. மேஜையில் இரண்டு கிண்ணம். அடுப்பில் சூப். எங்கேயோ கடைக்குப் போயிருக்கிறாய், வந்துவிடுவாய் என்று உட்கார்ந்தேன். பீரங்கி வெடித்தது. நீ வரவில்லை. சூப் குடித்தேன், உப்பு எப்போதும்போல் கூடுதல். மாடி ஏறினேன். நாற்காலி இருந்தது. உட்கார்ந்து போட்டி பார்த்தேன். ஒரு பந்தயத்தில் பிர்கு முந்தியது, நான் சத்தமாகக் கைதட்டினேன். உன் மாடியிலிருந்து! லோன்சா எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இன்னொன்றும் பார்த்தேன். மாதா படத்துக்குக் கீழே, விளக்குப் பக்கத்தில் நேனுவின் நினைவுச் சீட்டு. ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தது. அப்படியானால் தபாலில் தொலையவில்லை.

அதைப் பார்த்தபிறகு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று இருந்தேன். பந்தயம் முடிந்து படகுகளை விட்டதும் ஓடினேன். நீ சொன்னபடி தனியாகப் போனவளுக்குக் கப்பல் நிற்காதே.

மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கப்பல் நகரும்போது லோன்சா மாடியிலிருந்து உன் மாடிச் சுவரில் யாரோ ஒருத்தி காலைத் தூக்கிப் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். நீலக் கவுன். திருடி என்று நினைத்து ஒரு மாலுமியிடம் கத்தினேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்.

இதை எழுதப் பேனா தேடிக் கைப்பையைத் திறந்தால் உன் வீட்டுச் சாவி கிடக்கிறது. மெல்போர்ன் பழக்கம். வெளியே வந்ததும் பூட்டிப் பையில் போட்டிருக்கிறேன். அடுத்த துறைமுகத்திலேயே தபாலில் போடுகிறேன்.

ஜுதித்தா


செங்லேயா
செப்டம்பர் 24

ஜுதித்தாவுக்கு,

சாவி இன்னும் வரவில்லை. நல்லதாயிற்று. போடாமல் இருந்தால் போடாதே.

திருடியைப் பற்றி விசாரித்தேன். பிடித்துவிட்டோம். எழுபத்தாறு வயது, நீலக் கவுன், முழங்காலில் சிராய்ப்பு. தன் வீட்டுக்குள் தானே சுவர் ஏறிக் குதித்தவள். லோன்சா பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ரோமினாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வரலாம் என்று துறைமுக பஸ் வாசலுக்குப் போனேன். அவள் பலகை ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அதில் உன் பெயர் எழுதியிருந்தது. பலகை கனம்; கீழே தொங்கவிட்டால் கை வலிக்கிறது, அதனால்தான் உயர்த்திப் பிடித்தேன். ஒரு ஜெர்மன் ஜோடி என் பின்னால் வந்து வரிசையாக நின்றுகொண்டது. விரட்டினாலும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். நான் நகர்ந்தால் அவர்களும் நகர்கிறார்கள்.

பீரங்கி வெடித்து வெகு நேரம் கழித்துத்தான் ரோமினா வந்து, "பாட்டி, அவங்க காலையிலேயே படகுல போயிட்டாங்களாம்" என்றாள். போட்டி தொடங்கிப் படகு நின்றுவிட்டது. பஸ் பக்கத்து ஊரான பாவ்லாவிலேயே நின்றுவிட்டது, திருநாளுக்குத் தெருவை அடைத்திருந்தார்கள். அங்கிருந்து நல்ல செருப்போடு நடந்தேன். வந்து பார்த்தால் பூட்டின கதவு. தெருவே திரண்டு கேட்கிறது: "வித்தோரின், சாவி எங்கடி?"

"கப்பல்ல ஊர் பார்க்கப் போயிருக்கு" என்றேன்.

நம் தெருவில் பூட்டின கதவைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! வெளிநாட்டில் நீ கற்றுக்கொண்டது பூட்டு ஒன்றுதான். கிண்ணத்தையும் கழுவவில்லை. ஸ்பூனைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவது சின்ன வயதுப் பழக்கம், மாறவே இல்லை. என் மாடியில் பிர்குவுக்குக் கைதட்டினாயாமே. இதற்கு மாதாவிடம் நீயே பதில் சொல்லிக்கொள்.

மாதாவுக்குத்தான் விளக்கு ஏற்றுகிறேன். பக்கத்தில் இருப்பவர்மேலும் வெளிச்சம் பட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பூட்டுக்காரன் வந்து புதுப் பூட்டு போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பகலில் கதவைச் சும்மா சாத்தி வைக்கிறேன், இரவில் உள்தாழ்ப்பாள். கப்பல்காரர்கள் யாராவது வந்து சூப் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். தபாலை நான் நம்புவதில்லை. கையில் போனது கையில்தான் வர வேண்டும்.

கொண்டு வரும்போது விமானத்தில் வா. கப்பலில் வராதே. அதற்கு எப்போதும் கிளம்புவதே வேலை.

உன் அக்கா,
வித்தோரின்