தாள் பிடிக்க ஓர் ஆள்

போர்ட்லாந்து
9 அக்டோபர் 1986

அன்புள்ள லின்வுட்டுக்கு,

அப்பாவுக்குப் பேச்சு வருகிறதா? பக்கவாதம் என்று போன் வந்ததும் போட்டது போட்டபடி கேரிபூவுக்கு, உன் ஊருக்கு ஓடினாய். உன் ஏப்ரன் இன்னும் அச்சுக்கூடத்துக் கொக்கியில்தான் தொங்குகிறது. யாரையும் எடுக்க விடவில்லை.

சுத்தமான கையால் தாள் பிடிக்க நீ இல்லாமல் ஒரு பிரதிகூட ஒழுங்காக வரவில்லை. செம்புத் தகட்டில் மை பூசித் துடைத்த கையோடு தாளைத் தொட்டால் என்ன ஆகும்? ஓரமெல்லாம் என் கட்டைவிரல். "கொலெட், இது படமா, போலீஸ் ஸ்டேஷன் கைரேகையா?" என்று டீச்சர் கேட்டார். நீ இருந்திருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய்.

ஜனவரி வகுப்புக்கு வந்துவிடுவாய்தானே?

உன் கொலெட்

கேரிபூ
26 அக்டோபர்

கொலெட்,

அப்பா ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார். முதலில் தெளிவாகக் கேட்டது, "உருளைக்கிழங்கு தோண்டியாச்சா?" நிலம் முழுக்கத் தோண்டியாச்சு. என் நகக்கண்ணில் மை போய் மண் ஏறிவிட்டது.

தாள் பிடிக்க நம் வகுப்பு மர்வினைக் கூப்பிட்டுக்கொள். சும்மாதானே திரிகிறான். பாட மட்டும் விடாதே.

ஜனவரியில் பார்க்கலாம்.

லின்வுட்

போர்ட்லாந்து
15 பிப்ரவரி 1987

லின்வுட்டுக்கு,

ஜனவரி வந்தது, நீ வரவில்லை. கோபத்தில் எழுதாமல் இருந்தேன். அதில் நஷ்டம் எனக்குத்தான்.

மர்வின் தாள் பிடிக்கிறான். பாடவும் செய்கிறான். தகட்டிலிருந்து தாளை உரிக்கும்போது நீ மூச்சை அடக்கிக்கொள்வாய். அவனுக்கு அது தெரியாது.

ஏப்ரலில் மாணவர் கண்காட்சி. நீ பாலம் செதுக்கி விட்டுப்போன தகட்டை அச்செடுத்து மாட்டப்போகிறேன். வேண்டாம் என்றால் எழுது. வருகிறேன் என்றாலும் எழுது.

கொலெட்

போர்ட்லாந்து
20 ஏப்ரல்

லின்வுட்,

பதில் வரவில்லை. உன் பாலத்தை மாட்டிவிட்டேன்.

கண்காட்சிக்கு உன் அம்மா வந்தார், அத்தனை தூரமும் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு. கோட்டைக்கூடக் கழற்றாமல் உன் படத்தின் முன்னால் நின்றார்.

"அவங்கப்பா இப்ப தானா நடக்கிறாரும்மா. 'போய்ப் படிடா'ன்னு தினமும் கத்துறாரு. இவன்தான் அசைய மாட்டேங்கிறான். நீ ஒரு வார்த்தை சொன்னா வருவான்," என்றார்.

இன்னும் எந்த வார்த்தை பாக்கி என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்காக இருக்கிறாய் என்று நினைத்துத்தான் காத்திருந்தேன். 'இந்த நிலத்தை விட்டு வர எனக்கே மனசில்லை' என்று நீ எழுதியிருக்கலாம். அது குற்றமில்லை. அழுதிருப்பேன், பிறகு புரிந்துகொண்டிருப்பேன்.

படத்தை அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். எனக்கு நியூ மெக்சிகோவில் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்செடுப்பது, படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறேன்.

அங்கே கேரிபூ வழியாகச் சுற்றிப் போகிற பஸ் எதுவும் இல்லையாம். கேட்டுப் பார்த்தேன்.

கொலெட்