வாங்கு வாங்கிய அம்மாவுக்கு

பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்ட என் அம்மாவுக்கு,

இதை வரலாற்றுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்குகிறார். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவை மூடிவிட்டுக் காத்திருக்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பள்ளித் தவணை முழுவதும் எனக்கு இருந்த பயம் உன்னைப் பற்றியது. உயிரோடு இருந்தபோது உன்னைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. போன பிறகு எப்படி அம்மா பயம் வரும்?

முதலில் வீட்டுச் செய்தி சொல்லிவிடுகிறேன். அப்பா ரொட்டி சுடப் பழகிவிட்டார். வட்டமாக வருவதில்லை. இலங்கைப் படம் மாதிரி இருக்கிறது என்றேன். "பதுளை எங்க இருக்குனு தொட்டுக் காட்டு, அந்தத் துண்டு ஒனக்கு" என்கிறார். இப்போதும் தொழிற்சாலை லொறிதான் ஓட்டுகிறார். உன் செருப்பை வாசலில் இருந்து யாரும் எடுக்கவில்லை.

அம்மா, உன் வேலை என்னவென்று எனக்கு முழுதாக விளங்கியதே இல்லை. பதுளை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்கச் சட்ட அலுவலகம் என்று தெரியும். நீ சட்டத்தரணி இல்லை என்றும் தெரியும். "கேஸ் பேசுறவங்களுக்குக் கடதாசி வேணாமா, மேசை வேணாமா? அதெல்லாம் பாத்து வாங்குறது என் வேலை" என்று சொல்லியிருக்கிறாய். கடதாசியை ஏன் மோந்து பார்ப்பாய்? கலியாண வீட்டுக்குப் போனால்கூட கதிரையைத் தலைகீழாகத் திருப்பி ஏன் அடியில் பார்ப்பாய்? ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அளவு நாடாவை எடுத்து நம் வீட்டுக் கதவை அளந்தாய். ஏன் என்று கேட்டேன். "ஒன்னுமில்ல, நீ படி" என்றாய். பிறகு குசினிக்குள் நின்று தனியாகச் சிரித்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. பஜாரில் கடதாசி விற்கிற முஸ்லிம் நானாவின் கடைக்குள் நீ என்னைக் கூட்டிப்போனதே இல்லை. ஒரு பென்சில் வேண்டுமென்றாலும் ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் வாங்குவாய். "அந்தக் கடை வேணாம்" என்பாய்.

வகுப்பில் பெற்றோரின் தொழிலைக் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ சொல்லித் தந்தபடியே "பெறுகை உத்தியோகத்தர்" என்று எழுந்து நின்று சொன்னேன். பின்னால் இருந்த ஷாமினி, "பெறுகைனா என்னடீ?" என்றாள். "வாங்குறது" என்றேன். "அப்ப ஒங்கம்மா வாங்குவாங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது, நானும் சிரித்துவைத்தேன். அன்று சாயங்காலம் உன்னிடம் அதைச் சொன்னபோது நீ மட்டும் சிரிக்கவில்லை. வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நறுக்கினாய்.

நீ போன பிறகு, தவணை தொடங்குவதற்கு முன்னால், கொப்பி வாங்க அப்பா என்னை நானாவின் கடைக்கே கூட்டிப்போனார். நானா மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க மவுத்தான செய்தி கேட்டதுல இருந்து மனசு சரியில்ல தம்பி" என்றார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே நானா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது இதுதான்: "அவங்கட வாங்குற விசயம் டவுண் முழுக்கத் தெரியும்தானே!" அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அந்தக் கடைக்குள் நீ ஏன் வரவில்லை, ஷாமினி சொன்னதற்கு ஏன் சிரிக்கவில்லை என்பதெல்லாம் ஒன்றுசேர்ந்து எனக்குள் ஒரு பதிலாகிவிட்டது: நீ லஞ்சம் வாங்கியிருக்கிறாய். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்தேன். அப்பாவிடம் கேட்கலாம். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பள்ளிக்கூட வாசலில் யார் சிரித்தாலும் உன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது.

ஆனாலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. அப்படி என்னதான் வாங்கியிருப்பாய்? வீட்டில் ஆள் இல்லாத நேரம் அலுமாரியையும் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியையும் கிளறிப் பார்த்தேன். உன் சேலைகள், மருந்து உறைகள், அந்த அளவு நாடா, இவ்வளவுதான் இருந்தது. வாங்குகிறவர்கள் வீட்டில் ஏதாவது இருக்க வேண்டாமா? பார்த்துவிட்டு நிம்மதி வரவில்லை. இன்னும் நன்றாக ஒளித்துவைத்திருப்பாயோ என்ற யோசனைதான் வந்தது. என்னை மன்னித்துக்கொள்.

நேற்று உன் ஆபீஸில் இருந்து அழைத்திருந்தார்கள். அப்பாவுக்கு லொறி ஓட்டம் இருந்தது. "அம்மாவோட சாமான் கொஞ்சம் இருக்காம். ஸ்கூல் விட்டதும் போயி எடுத்துட்டு வா" என்றார். இன்று போனேன். கீழ்த் தாழ்வாரத்தில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் படியேறினேன்.

உன் மேசையில் இப்போது பண்டாரவளையில் இருந்து வரும் மிஸ் ஒருவர் இருக்கிறார். உன் குடையையும் கம்பளிச் சட்டையையும் தேத்தண்ணிக் கோப்பையையும் ஒரு பையில் போட்டுத் தந்தார். வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். எப்படித்தான் வாய் வந்ததோ தெரியவில்லை.

"மிஸ், எங்கம்மா வாங்குனாங்களா?"

"ஆமா, அவங்கதானே வாங்குனாங்க. வரும்போது கீழ நீ பாக்கலையா?"

"எல்லாருக்கும் தெரியுமா மிஸ்?"

"தெரியாமலா? அன்னைக்கு பஜார் ரோட்டுல ஒரு வாகனம் நகரலையே!"

அடுத்ததையும் கேட்டுவிட்டேன். "உயிரோட இருந்திருந்தா ஜெயில்ல போட்டுருப்பாங்களா?"

மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்குக்கு எதுக்கும்மா ஜெயிலு?"

"வாங்குனதுக்கு..."

"அடியே, வாங்கு! உக்கார்ற வாங்கு! கீழ நீளமா ஒன்னு கெடக்கே, அது!"

மிஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் அழுவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

மேலே வரவேற்பறையில் நல்ல கதிரைகள் இருந்தனவாம். தேயிலைத் தோட்டத்தில் இருந்து, புருஷனிடம் செலவுப் பணம் கேட்கும் தாபரிப்பு வழக்குக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் வரும் பெண்கள் அவற்றில் உட்காராமல் சுவரோரமாகவே நிற்பார்களாம். புதுக் கதிரை வாங்கலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது நீ வாங்குதான் வேண்டும் என்றாயாம். "கதிரைன்னா வேற யாருக்கோ போட்டதுனு நிப்பாங்க. வாங்குல ஒருத்தி உக்காந்தா போதும், அடுத்தவள அவளே இழுத்து உக்கார வச்சுருவா" என்றாயாம். சுவரை அளந்தாய். வயதானவர்களின் முழங்காலுக்கு எவ்வளவு உயரம் என்று அளந்தாய். மாடிப்படி திரும்பும் இடத்தை மட்டும் அளக்கவில்லை.

ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறினார்களாம், இறங்கினார்களாம், மறுபடி ஏறினார்களாம். பிறகு ரோட்டில் குறுக்காக வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்களாம். பஸ்காரர்கள் ஹோர்ன் அடிக்க, நீ நடு ரோட்டில் அளவு நாடாவோடு நின்றாயாம். கடைசியில், "சரி, கீழயே கெடக்கட்டும். படி ஏறுறதுக்கு முன்ன உக்காரட்டும்" என்றாயாம். நானா கடையில் சிரித்துக்கொண்டே சொன்னதும் இந்த வாங்கைப் பற்றித்தான்.

நம் வீட்டுக் கதவை அளந்தது அன்றைக்குத்தானா? பாவம் அந்தக் கதவு, அது என்ன செய்தது?

நானா கடையைப் பற்றியும் கேட்டேன். "அவரு ஆபீசுக்குச் சாமான் விக்க விலை குடுக்குற ஆளு. அந்த வாசல மிதிச்சா நாளைக்கு ஒரு பேச்சு வரும்னு சொல்லுவாங்க" என்றார் மிஸ். பேச்சு வரக்கூடாது என்று நீ ஊரைச் சுற்றி நடந்தாய். கடைசியில் அந்தப் பேச்சு என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

கீழே வந்து உன் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஹல்துமுல்லையில் இருந்து வந்த ஒரு பெரியம்மா, "இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காரு பாப்பா" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தயங்கி நின்ற இன்னொருவரின் கையைப் பிடித்து இழுத்தார். நீ சொன்னபடியே.

"யாரோட கேசு?" என்று என்னைக் கேட்டார்.

"கேசு இல்லங்க. இந்த வாங்கை எங்கம்மாதான் வாங்குனாங்க."

"சும்மா சொல்லாத. இது கவுர்மெண்டு வாங்கு."

"கவுர்மெண்டுக்குத்தாங்க வாங்குனாங்க."

"அப்படியா? முதுகு சாய ஒரு பலகை வச்சிருக்கலாம்னு நான் சொன்னேனு ஒங்கம்மாகிட்டச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன், அம்மா.

வெங்காயம் நறுக்கிய அந்தச் சாயங்காலம் மட்டும் இன்னும் விளங்கவில்லை. அந்தச் சொல்லை ஆபீஸிலும் யாராவது உன்னிடம் விளையாட்டாகச் சொல்லியிருந்தார்களா? கேட்கக் கேட்கப் பழகிவிடுமா, இல்லை ஒவ்வொரு முறையும் வலிக்குமா? மிஸ்ஸிடம் இதைக் கேட்கவில்லை. இது உன்னிடம் கேட்க வேண்டியது.

அப்பா மறுபடி புரண்டு படுக்கிறார். காலையில் ரொட்டி சுடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அப்புறம் ஷாமினி. அவளிடம் பேசும்போது குரல் நடுங்கத்தான் போகிறது. நடுங்கினாலும் சொல்வேன்: "ஆமாடீ, எங்கம்மா வாங்குனாங்க. வா, வந்து உக்காந்து பாரு." பள்ளிக்கூடம் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன் அம்மா, இது சத்தியம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அவளுக்கும் இடம் இருக்கும்.

உன் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்த
உன் மகள்,
தர்ஷினி