உறையாத பால்

பூதலூர்
22.06.2025

அகிலாண்டத்துக்கு,

இங்கே என் வயிறு ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம். போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய். அதனால் எதிர்வீட்டு இராஜாங்கத்தைக் கெஞ்சி எழுதச் சொல்கிறேன். "புருஷன் பொண்டாட்டி பேச்சை நான் எழுதினா நல்லாவாங்க இருக்கும்?" என்கிறான். எழுதட்டும், எனக்குத்தான் எழுத்து வராதே.

வயதானவர்களின் வயிற்றுக்கு ஏதோ ஆராய்ச்சியாம், பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கிறதாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஃபின்லாந்தில் உன்னையும் சேர்த்திருப்பதாக மகள் கலைமகள் சொன்னாள். தயிரில் இருப்பது போல நல்லது செய்யும் கிருமியைப் பொடியாக்கிப் பொட்டலத்தில் தருகிறார்கள். பாதிப் பேருக்கு உயிருள்ள பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

எனக்குக் கிடைத்தது உயிருள்ளதுதான். நேற்றுக் கனவில் என் வயிற்றுக்குள் கல்லணைத் தண்ணீர் வந்து பரவியது. கடுகளவு பெண்கள் வரிசையாக நின்று நாற்று நட்டார்கள். குலவைச் சத்தம் காதில் கேட்டது. விழித்த பிறகும் உள்ளே ஈரமாக இருந்தது.

சொன்னது வைரக்கண்ணு
எழுதியது இராஜாங்கம்


ஃபின்லாந்து
10.07.2025

கலையோட அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே சாமத்திலும் வெளிச்சம். சூரியன் போக மனமில்லாமல் ஏரியின் மேலேயே நிற்கிறது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சில நேரம் தெரிவதில்லை.

நானும் தினமும் காலையில் பொடி சாப்பிடுகிறேன். கனவெல்லாம் வரவில்லை. உங்கள் நடவில் நான் இருந்தேனா?

"இவ சமையலைத் தின்னுதான் என் வயிறு போச்சு" என்று ஒரு கல்யாணப் பந்தியில் ஊரே கேட்கச் சொன்னீர்கள். கலையின் பிரசவத்துக்கு என்று கிளம்பி வந்தவள், திரும்ப மனம் வராமல் இங்கேயே தங்கிவிட்டேன். மூன்று வருஷமாக நீங்கள் என் சமையலைச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் ஏன் வலிக்கிறது? பொடியில் குணமானால் சந்தோஷம்தான். அப்புறம் நான் எதற்கு அங்கே? பேரனோடு இருந்துகொள்கிறேன்.

அகிலாண்டம்


பூதலூர்
02.09.2025

அகிலாண்டத்துக்கு,

என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் கடிதம் போட்ட மறுநாள் ஒரு சந்தேகம் வந்தது. விதைநெல்லை ஈரச் சாக்கில் கட்டி முளைப்புப் பார்க்காமல் என்றைக்காவது விதைத்திருக்கிறோமா? ஒரு பொட்டலத்தைப் பிரித்து வெதுவெதுப்பான பாலில் கலந்து மூடி வைத்தேன். மறுநாள் பார்த்தால் பால் தயிராக உறையாமல் பாலாகவே இருந்தது. எனக்கு வந்தது வெறும் மாவு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன வாரம் நர்ஸிடம் சொல்லித் தொலைத்தேன். டாக்டரம்மா கூப்பிட்டு, "ஏங்கய்யா, எது மாவுன்னு தெரிஞ்சுக்கிட்டா உங்க கணக்கை நாங்க எப்படிச் சேர்க்கிறது? தெரிஞ்சும் இத்தனை நாளா ஏன் சாப்பிட்டீங்க?" என்றார்கள். டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லக் கூச்சம். இராஜாங்கத்திடம் சொல்லவும் கூச்சம்தான். ஆனாலும் எழுதச் சொல்கிறேன்.

நீ காலையில் பொட்டலம் பிரிக்கும் நேரம் இங்கே எத்தனை மணி என்று கலையிடம் கேட்டு வைத்திருந்தேன். அந்த நேரத்துக்குத்தான் நானும் பிரிப்பேன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தது போல இருக்கும். மாவென்று தெரிந்த பிறகும் அந்தக் கனவு நிற்கவில்லை. நடவில் நீ இருந்தாய். முகம் காட்டாமல் குனிந்து நட்டுக்கொண்டே போனாய். நான் வரப்பில் நின்று கூப்பிட்டேன்.

வலி இப்போது இல்லை. எதனால் போனது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. நீ வந்து சமைத்தால் மறுபடி வருமோ என்னவோ. வந்தால் வரட்டும், வலித்துவிட்டுப் போகட்டும். நீ வா.

வைரக்கண்ணு
("இதுக்குக் கீழ என் பேரு வேணாங்க" என்கிறான் இராஜாங்கம்.)


ஃபின்லாந்து
20.09.2025

கலையோட அப்பாவுக்கு,

இங்கே பொழுது சீக்கிரம் இருட்டுகிறது. என் பொட்டலங்கள் ஐப்பசியில் தீரும். எனக்குத் தருவது உயிருள்ளதா மாவா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். முடிந்ததும் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.

வந்து சமைப்பேன். வயிறு வலித்தால் மறைக்க வேண்டாம், வலிக்கிறது என்றே சொல்லுங்கள். ஆனால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.

அகிலாண்டம்