டில்லிங்காஸ்ட் வீட்டு மெழுகு பொம்மை

அன்பானவளே,

"அந்தப் பழைய வீட்டையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று நீ ஒஹையோவுக்கு, மகளிடம் போனதிலிருந்து எனக்கு ஒரு குறையும் இல்லை. தூக்கம்தான் வருவதில்லை.

நேற்றும் அந்த டில்லிங்காஸ்ட் அருங்காட்சியக வீட்டைச் சுற்றிக்காட்டப் போனவன், வழிகாட்டிகள் போடும் குடியேற்றக் காலத்து உடுப்போடு அங்கிருந்த முந்நூறு வருடக் கட்டிலிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். பார்க்க வந்த ஒரு கணவன் மனைவியின் குரல் கேட்டு விழிப்பு வந்தது. வெட்கத்தில் அசையவில்லை.

"மெழுகு பொம்மைங்க! அச்சு அசல் மனுஷன்!"

"மூஞ்சியைப் பாரு, பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போனவனாட்டம் செஞ்சிருக்காங்க."

அந்த அம்மாள் துளை மாறிப்போயிருந்த என் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். "ரொம்ப நன்றிம்மா" என்றேன். இருவரும் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டைப் பராமரிக்கும் பழமைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவி வந்து, "தூங்கறதுக்கு உங்களுக்கு வீடு இல்லையா, சார்?" என்றாள். இனி தினமும் இல்லாமல் ஞாயிறு மட்டும் வருவதாகச் சொல்லிவிட்டேன். வீடு என்றால் உள்ளே யாராவது இருக்க வேண்டும் என்றும் விளக்கினேன். உதாரணத்துக்கு, நீ.

உன் கணவன்