நின்ற இடத்திலேயே

ஒக்ரோபர் 12, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: ரயில் கதவு மூடுவதற்கு முன் ஏற எனக்கு நேரம் இருந்தது.

ஒஸ்லோவின் ரொம்சோஸில் கிருஷிகன் வீட்டில் மதியச் சாப்பாடு. நாங்கள் மூன்று பேரும் சீனாவிலிருந்து திரும்பியபின் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. பயணக் கதையை அவனுடைய அக்கா ஜெனிதா சொன்னார். மே மாதம் கிருஷிகனுக்கும் எனக்கும் கலியாணம் முடிந்தால் அவர் எனக்கு மச்சாள். இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறேன். குவாங்சோ நகரத்தில் நான் தொலைந்துபோனதுதான் அவருடைய கதையில் பெரிய பகிடி.

"நாங்கள் ரெயினுக்குள்ளை. திரும்பிப் பாத்தால் பூப்பெட்டி மூண்டும் இருக்கு, பொம்பிளையைத்தான் காணேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும். "நல்ல காலம், பூப்பெட்டி துலையேல்லை" என்றார் கிருஷிகனின் அம்மா. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

"தேடித் தேடிக் களைச்சுப் போனம்" என்றான் கிருஷிகன். "மூண்டு மணித்தியாலம்."

நான் கத்தரிக்காய்க் குழம்பை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

"என்ன சாருகா பேசாமல் இருக்கிறீர், கோவமோ?"

"இல்லை மச்சாள்."

இருபத்தெட்டு வயது. இத்தனை புத்தகம் வாசித்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் பதில்கள் இரண்டு: இல்லை. பரவாயில்லை.

ஒக்ரோபர் 13, திங்கள்

குவாங்சோவில் எழுத முடியவில்லை. ஹோட்டலில் மச்சாளும் நானும் ஒரே அறை, கிருஷிகன் பக்கத்து அறை. கலியாணத்துக்கு முன் அப்படித்தான் என்று பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். கிருஷிகன் தமிழ் கதைப்பான், வாசிக்கமாட்டான். மச்சாள் நன்றாக வாசிப்பார். ஆகவே இந்த நாட்குறிப்புக் கொப்பி பெட்டியின் அடியில் கிடந்தது.

இப்போது எழுதுகிறேன். பகிடிதான் உண்மை என்று எனக்கே ஆகிவிடுவதற்கு முன்.

மச்சாளுக்குக் கிழமை நாட்களில் பாலர் பள்ளியில் வேலை. சனி, ஞாயிறு கலியாணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்கும் மணவறை சோடிப்பார். எங்கள் கலியாணத்துக்குப் புது மணவறை, அது அவருடைய பரிசு. "முதல் உங்கடை கலியாணம், பிறகு ஒஸ்லோ முழுக்க" என்றார். சீனாவில் நேரில் பார்த்து வாங்கவேண்டும், கலியாணப் பொம்பிளையும் வரவேண்டும் என்றார். பாலர் பள்ளியில் அவருக்கு விடுமுறை கிடைப்பது நாற்பதாவது வாரம், இலையுதிர்கால விடுமுறையில்தான். அதற்கே பயணச்சீட்டு எடுத்தோம். அந்த வாரம் சீனாவில் தேசிய விடுமுறை, முழு நாடும் பெட்டியோடு வெளியே கிளம்பும் வாரம் என்பதை மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. நோர்வேயில் வாரத்துக்கு இலக்கம் போட்டு வாழும் நாங்கள், மற்றவர்களுக்கும் ஒரு கலண்டர் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒக்ரோபர் 2, வியாழன். காலைச் சாப்பாட்டில் கிருஷிகன் சொன்னான்: "சனம் கூட. ஆராவது துலைஞ்சால் நிண்ட இடத்திலையே நில்லுங்கோ. நான் வருவன்." சின்ன வயதில் கோயில் தேரன்றும் விளையாட்டுப் போட்டியன்றும் பெரியவர்கள் எங்கள் எல்லோருக்கும் சொன்னதுதான். அவனிடம்தான் ஹோட்டல் முகவரி. அங்கே எல்லாவற்றுக்கும் தொலைபேசியால்தான் பணம் கட்டுகிறார்கள். அந்தச் செயலி அவனுடையதில் மட்டும். இணையமும் அவனுடையதிலிருந்துதான் எனக்கு வந்தது. கடவுச்சீட்டுகள் மச்சாளின் கைப்பையில். இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, என்னிடம் என்று ஒன்றுமே இருக்கவில்லை.

முதலில் குவாங்சோ கோபுரம். இரண்டு மணித்தியாலம் வரிசை. மேலே போனால் கண்ணாடிக்கு முன்னால் பத்து வரிசைத் தலைகள். அக்காவும் தம்பியும் நின்றார்கள், நான் படம் எடுத்தேன். பிறகு வேறு பக்கம், மறுபடி அவர்கள், மறுபடி நான். ஒரு இடுக்கால் கீழே பார்த்தேன். அந்த நகரத்தில் யாரையும் இடிக்காமல் போனது ஆறு மட்டும்தான்.

பிறகு கடைத்தெரு. நடக்கவில்லை, நடத்தப்பட்டோம். முதுகில் யாருடையதோ முழங்கை, காதுக்குள் கடைக்காரரின் ஒலிபெருக்கி, எண்ணெயில் பொரியும் எதுவோ, காலை மிதிக்கும் பிள்ளைவண்டி. அந்த நகரத்தை நான் வெறுத்தேன். அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் தங்கள் விடுமுறையில் தங்கள் தெருவில் நடந்தார்கள். ஆனால் முன்னால் போன இரண்டு முதுகுகளை வெறுக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே நகரத்தை வெறுத்தேன்.

காகிதப்பூக் கடையில் மச்சாள் என் தோளில் ஒவ்வொரு துணியாகப் போட்டுப் பார்த்தார். கடைக்காரப் பெண்ணிடமும் தம்பியிடமும் கேட்டார். என்னிடம், "உமக்கு எல்லாம் ஓக்கே தானே?" என்றார்.

எனக்கு வேண்டியது வெள்ளைத் துணி, வாழை, தோரணம். ஓகஸ்டில் ஒருமுறை சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். யாரோ மிக்சி போட்டிருந்தார்கள்.

அடுத்தது மணவறைக் கடை. நிலத்தடி ரயிலில் போகவேண்டும். இரண்டு பாதைகள் சந்திக்கும் நிலையம். சனம் எங்களைப் படியால் கீழே ஊற்றியது. ரயில் வந்தது. மச்சாள் ஏறினார். கிருஷிகன் வாங்கிய பூப்பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். மூன்றாவது பெட்டிக்காகக் கதவில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டான். பெட்டி உள்ளே போனதும் கையை எடுத்துவிட்டான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

நான்கு வினாடி இருந்திருக்கும். ஒரு அடி வைத்திருந்தால் உள்ளே.

நான் அரை அடி பின்னால் வைத்தேன்.

மணி 2.35. பச்சை நிறப் பிளாஸ்டிக் வில்லைதான் அங்கே பயணச்சீட்டு. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வரப் பத்து நிமிடம். பெட்டிகளோடு என்றால் இருபது. ஒவ்வொரு ரயிலிலும் எல்லா முகங்களையும் பார்த்தேன். நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போ என்று என்னைத் தள்ளினாள். திரும்பவும் தள்ளினாள். ஒரு மணித்தியாலம் கழித்து எங்கிருந்தோ ஒரு சின்னக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, திட்டித் திட்டி என்னை இருத்தினாள். அன்று முழுவதும் எனக்கென்று யாரும் செய்த ஒரே காரியம் அது.

அவர்கள் வந்தபோது 5.25. "ஊன்ஷில், ஊன்ஷில்" என்று நோர்வேஜியனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிருஷிகன் ஓடிவந்தான். "தேடாத இடமில்லை."

"பரவாயில்லை" என்றேன்.

ஒருவனை அவனுக்குத் தெரியாமல் பரீட்சைக்கு இருத்துவது நேர்மையில்லை. தெரியும். எழுதி வைக்கிறேன், நான் நல்லவள் என்று பிறகு நினைக்காமல் இருப்பதற்காக.

ஒக்ரோபர் 16, வியாழன்

நான் வேலை செய்யும் மருந்தகத்தில் ஒரு கிழவர், "என்னை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அவருடைய இலக்கம் வர இன்னும் பதினொரு பேர். எரிந்து விழுந்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் மட்டும்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

தன் தொலைபேசியில் இடம் இல்லையாம், படங்களை அழித்துத் தா என்றார் அம்மா. சமையலறை மேசையில் இருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். காணொளி அழைப்பொன்றை அம்மா அப்படியே படமாகப் பிடித்து வைத்திருந்தார். நடுவில் கிருஷிகன், வாயெல்லாம் பல், பக்கத்தில் அவனை விட உயரமான தங்கநிற மயில். மூலையில் சின்னச் சதுரத்தில் அவனுடைய அம்மா. இன்னொன்றில் என் அம்மா, மூக்குக்கண்ணாடியோடு.

"அம்மா, இது எப்ப?"

"மணவறை எடுக்கேக்கை. யானையோ மயிலோ எண்டு கேட்டவை. நான் மயில் எண்டனான். வடிவாய்த்தானே இருக்கு?"

அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். ஒக்ரோபர் 2, காலை 9.22. நாற்பத்தொரு நிமிடம். ஆறு மணித்தியாலம் கூட்டினால் அங்கே 3.22.

நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான் எங்கையம்மா இதிலை?"

"நீ பக்கத்திலை நிண்டிருப்பாய்."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ, சாருகா எங்கை எண்டு?"

அம்மா தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ எப்பவும் படத்துக்கு வாறேல்லைத் தானே பிள்ளை."

தேடாத இடமில்லையாம். களைச்சுப் போனவையாம். என்னைத் தேடினவை மயிலுக்குப் பின்னாலை, யானைக்குக் கீழை. என்ரை அம்மாவும் சேந்து. நாற்பத்தொரு நிமிசம் — நாலு பேர் — என்ரை மணவறை.

அந்தப் படத்தை அழிக்கவில்லை. எனக்கு அனுப்பிக்கொண்டேன்.

நவம்பர் 8, சனி

மச்சாளுக்கு மயில்பச்சையில் சேலை எடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் சகோதரிதான் பொம்பிளைக்குத் தோழி. தாலி கட்டும்வரை என் தோளுக்குப் பின்னால் நிற்பார். தலைப்பு நழுவினால் சரிசெய்வார், வியர்த்தால் துடைப்பார். விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்தில் நிற்பதற்காக ஒருவரை நியமிக்கும் வழக்கம். இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் கிருஷிகன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஹவுகெட்டோவில் நாங்கள் இருக்கப்போகும் வீடு. இன்னும் ஒரு தளபாடமும் இல்லை. கிருஷிகன் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலடியில் நிலத்தில் இருந்து எழுதினேன். வெளியே சாம்பல் வெளிச்சம்.

"அதுக்குள்ளை என்னதான் எழுதுறனீ? என்னைப் பற்றியோ?"

"ஓம்."

"அப்ப வாசி கேப்பம். எனக்குத்தானே வாசிக்கத் தெரியாது." சிரித்தான். நல்ல சிரிப்பு. அதைத்தான் முதலில் விரும்பினேன்.

ஒக்ரோபர் 13ஐ வாசித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. முதுகுகளை வெறுத்ததையும் விடவில்லை. பிறகு 19ஐயும் வாசித்தேன். தூரிகையிலிருந்து வெள்ளை சொட்டியது. அவன் கவனிக்கவில்லை.

"அப்ப நீ வேணுமெண்டே ஏறேல்லை?"

"ஓம்."

"எனக்கு ரெண்டு கிழமை நித்திரை இல்லை, தெரியுமோ? நான் ஒரு கழுதை எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். நீ எனக்குச் சோதனை வைச்சுப் பாத்திருக்கிறாய்."

"மூண்டு இருபத்திரண்டுக்கு நீ மயிலுக்குப் பக்கத்திலை நிண்டு சிரிச்சனீ."

"கடை ஆறு மணிக்குப் பூட்டிடும். அடுத்த நாளிலை இருந்து அவங்களுக்கு லீவு. சாருகா பெரிய ஆள், நிப்பா எண்டு அக்கா சொன்னவ." தூரிகையை வாளியில் தோய்த்துக்கொண்டே சொன்னான்: "நீ நிண்டனீ தானே."

"நீ வருவன் எண்டு சொன்னனீ."

"வந்தனான் தானே."

உண்மைதான். நான் நின்றேன், அவன் வந்தான். சொன்னபடி எல்லாம் நடந்திருக்கிறது. அவன் திரும்பிச் சுவரில் விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினான். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹவுகெட்டோ நிலையத்துக்கு நடந்தேன். ரயில் வந்தது. கதவு திறந்தவுடன் ஏறிவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மச்சாள் தொலைபேசியில் அழைத்தார். வேலையிலிருந்து, பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"தம்பி சொன்னவன். அப்ப பிழை உம்மிலை தானே? நான் ஊர் முழுக்கப் பகிடி எண்டு சொல்லித் திரியிறன், நீர் கொப்பியிலை எங்களுக்கு வழக்கு எழுதிக்கொண்டு இருக்கிறீர்."

"ஓம் மச்சாள். ஏறாதது என்ரை பிழை."

"பிறகென்ன பிரச்சினை?"

"திரும்பி வராதது என்ரை பிழை இல்லை."

பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு காலம் என்னிடம் இருந்த இரண்டு பதிலிலும் இது இல்லை. வாய்க்குள் புதிதாக இருந்தது.

"சாருகா, மயில் கப்பலிலை வந்துகொண்டிருக்கு. இனி மாத்தேலாது."

"மயிலை மாத்த வேண்டாம் மச்சாள்" என்றேன்.

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

டிசம்பர் 3, புதன்

கலியாணம் வேண்டாம் என்றதிலிருந்து அம்மா எட்டு நாளாகக் கதைக்கவில்லை. இன்று கதவடியில் நின்று கேட்டார்: "ஒரு ரெயினுக்காகவோ பிள்ளை?"

ஓம் அம்மா. ஒரு ரயிலுக்காக. அதற்குப் பிறகு வந்த எல்லா ரயிலுக்காகவும்.

இதையும் சொல்லவில்லை. "ஓம்" மட்டும் சொன்னேன்.

2026 மே 30, சனி

கம்சிகாவின் கலியாணம். குரோருட்டில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். மணவறையில் இரண்டு தங்க மயில்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கப்பலில் வந்தபோது ஒன்றின் கழுத்து முறிந்து, கம்பியால் கட்டியிருந்தது. தூரத்தில் வடிவாகத்தான் இருக்கிறது. அம்மா சொன்னது சரி.

ஜெனிதா பூச்சரத்தைச் சரிசெய்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். இருவரும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். "சாப்பிட்டிட்டுப் போம்" என்றார். சாப்பிட்டேன்.

கிருஷிகன் வரவில்லை. ஹவுகெட்டோ வீட்டில் அவன் தனியாக இருக்கிறான். போன சனிக்கிழமை எங்கள் கலியாணம் நடந்திருக்க வேண்டிய நாள். அன்று நான் மருந்தகத்தில் நான்கு மணிவரை வேலை செய்தேன், பிறகு ரயிலில் வீட்டுக்கு வந்தேன்.